பிரித்துக் கொடுக்காதவர்

அந்த அம்மாவை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாராட்டுப் பத்திரம் வாசிக்க வந்திருக்கிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவர் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் நூலகராக இருந்த காலம் முழுக்க எனக்கு நிம்மதி இல்லை. நான் எதிரே உரக்கடை வைத்திருந்தேன். வாசகர் வட்டச் செயலாளர் என்று ஒரு பட்டமும் இருந்தது. வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவனுக்கு இப்படித்தான் ஏதாவது வந்து சேரும்.

எல்லோரும் அவரை லைப்ரரியம்மா என்றார்கள். நாற்பது வயது இருக்கும். கைத்தறிப் புடவை, கறுப்புத் தோல்பை, வேகமாகப் பேசத் தெரியாத வாய். காலையில் முதல் பேருந்தில் தஞ்சாவூரிலிருந்து பேப்பர் கட்டு வரும். அதை வாங்கியதும் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கோணி ஊசியை எடுப்பார். ஒவ்வொரு பேப்பரையும் மடிப்பு ஓரத்தில் சணலால் தைத்து முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் வாசகர் மேசையில் வைப்பார்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எங்கள் பக்கத்து டீக்கடைகளில் பேப்பர் வந்த மறுநிமிடமே தனித்தனித் தாளாகிவிடும். முதல் தாள் ஒருவரிடம், சினிமா விளம்பரம் உள்ள தாள் இன்னொருவரிடம், நடுத்தாள் எவனோ ஒருவனின் தொடைக்கடியில். அவரவர் தாளோடு அவரவர் உட்கார்ந்திருப்பார்கள். யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. தைத்த பேப்பரில் அது நடக்காது. இரண்டு பேருக்கு ஒரே பேப்பர் வேண்டுமென்றால் தோளோடு தோள் உரச உட்கார வேண்டும். தாளைத் திருப்புவதற்கு முன்னால், "முடிச்சிட்டீங்களா, திருப்பலாமா?" என்று பக்கத்து ஆளைக் கேட்க வேண்டும். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் அப்படிக் கேட்பது எவ்வளவு பெரிய காரியம் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது.

புது ஆட்சி வந்து நில உச்சவரம்பு பற்றியும் குத்தகைப் பதிவு பற்றியும் மேடைக்கு மேடை பேசிக்கொண்டிருந்த நேரம் அது. வடக்குத் தெருவில் நிலம் வைத்திருந்தவர்கள், தெற்குத் தெருவில் அந்த நிலத்தில் இறங்கி நடவு செய்து அறுத்தவர்கள். அறுவடைக் கூலியாக எத்தனை படி நெல் அளப்பது என்பதில் ஒவ்வொரு போகமும் தகராறு. தெற்குத் தெருவில் செங்கொடிச் சங்கம் வந்துவிட்டது. வடக்குத் தெருவில் மிராசுதார்கள் சங்கம். இரண்டு சங்கத்துக்கும் நான்தான் உரம் விற்றேன். அதனால் இரண்டு பக்கமும் சிரித்துச் சிரித்து என் தாடை வலித்தது.

வடக்குத் தெருவில் பெரிய ஆளைப் பண்ணை என்றே கூப்பிடுவோம். நூலகம் இருந்த கட்டடமும் அவருடையதுதான், வாடகை வாங்காமல் விட்டிருந்தார். அவர் வீட்டுக்கும் பேப்பர் வரும், ஆனால் மத்தியானம்தான் வரும். கூலிப் பேச்சுவார்த்தை நடக்கும் நாட்களில் அதுவரை அவருக்குப் பொறுக்காது. காலையிலேயே நூலகத்துக்கு வந்துவிடுவார். அதே நேரத்துக்கு அதே சேதிக்காகத் தெற்குத் தெருவிலிருந்து சங்கத்து வீரையன் வருவார். வீரையன் படிப்பது முதியோர் கல்விக் கூடத்தில் கற்ற படிப்பு. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்து நகர்த்துவார்.

முதல் நாள் பண்ணை உள்ளே வந்ததும் வீரையன் பழக்கத்தில் எழுந்துவிட்டார். லைப்ரரியம்மா தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"வீரையன், உக்காருங்க. நீங்க எழுந்திரிச்சா பேப்பர் மூடிக்குது. அய்யா, நீங்களும் அப்படியே பக்கத்துல உக்காருங்க, இன்னிக்கு அந்தப் பேப்பர் ஒண்ணுதான் வந்திருக்கு."

பண்ணை நின்றார். நான் என் கடைக் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எப்படியோ உட்கார்ந்தார். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்ததால் கழுத்தை நீட்டிப் படிக்க வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் முடிந்தது. திருப்பலாமா என்று வீரையனைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. தொண்டையைக் கனைத்தார். வீரையன் விரல் பாதிப் பத்தியில் இருந்தது. மறுபடி கனைத்தார்.

"கேட்டாத்தாங்க அவருக்குத் தெரியும்" என்றார் லைப்ரரியம்மா, புத்தகத்துக்கு எண் ஒட்டிக்கொண்டே.

பண்ணை அன்று அந்த ஒரே பக்கத்தை, காலஞ்சென்றவர்கள் விளம்பரம் வரைக்கும் படித்துவிட்டு எழுந்து போனார். பத்து நாளோ என்னவோ இப்படியே போயிற்று. ஒருநாள் காலையில், "ம்... திருப்பட்டுமா?" என்று ஒரு குரல் கேட்டது. யார் குரல் என்று நான் எட்டிப் பார்த்தேன். பண்ணைதான். வீரையன் விரலை எடுத்துக்கொண்டார். இதெல்லாம் நல்லதுக்கா கெட்டதுக்கா என்று எனக்குப் புரியவில்லை. பஞ்சையும் நெருப்பையும் ஒரே பெஞ்சில் வைத்துவிட்டு இந்தப் பொம்பளை எண் ஒட்டிக்கொண்டிருக்கிறதே என்றுதான் எரிச்சல் வந்தது.

எங்கள் ஊருக்கு வருவதற்கு முன்பும் அவர் இப்படித்தான். பேராவூரணிப் பக்கத்தில் தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பெண். புத்தகப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கொடுத்துவிட்டு வரும் வேலையில்தான் முதலில் சேர்ந்தாராம். பெண்பிள்ளை சைக்கிளில் போவதா என்று வீட்டில் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பிறகு பரீட்சை எழுதி, சான்றிதழ் படிப்புப் படித்து, ஒரத்தநாட்டில் நூலகரானார். அங்கே பெண்களுக்குத் தனியாகத் திரை போட்டு இடம் கொடுங்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்டிருக்கிறார்கள். மாட்டேன் என்றுவிட்டார். அதனால் பெண்கள் வருவதே நின்றுபோயிற்று. மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்தது.

இதை என்னிடம் அவரே சொன்னார். "வராம போனாங்களே, அது தப்பில்லையாங்க?" என்று கேட்டேன்.

"தப்புதான். ஆனா திரை போட்டிருந்தா, இன்னிக்கு வரைக்கும் அந்தத் திரைக்குப் பின்னாடிதான் இருந்திருப்பாங்க."

"இப்ப வீட்டுக்குள்ளல்ல இருக்காங்க."

அவர் முத்திரையை எடுத்து அடுத்த புத்தகத்தில் குத்தினார். என் மனைவி புத்தகம் என்றால் உயிரை விடுவாள். அவளும் ஆம்பிளைகளோடு ஒரே மேசையில் எப்படி உட்காருவது என்று கடைசிவரை அந்தப் படியேறவில்லை. நான்தான் கதைப்புத்தகம் வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பேன். இந்த விஷயத்தில் அவர் மேல் எனக்கு உண்டான கோபம் இன்றுவரை தணியவில்லை.

தை மாத அறுவடையில் ஊர் பற்றிக்கொண்டது. கூலி ஒத்துவரவில்லை என்று தெற்குத் தெரு அரிவாளைக் கீழே வைத்தது. பண்ணை லாரியில் வெளியூர் ஆட்களை இறக்கினார். வயலில் கைகலப்பு. இரண்டு பக்கமும் ரத்தக் காயம். வடக்குத் தெருவில் ஒரு வைக்கோல் போர் எரிந்தது, யார் வைத்த தீ என்று கடைசிவரை தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் போலீஸ் வந்து தங்கியது. மறுநாள் காலையிலும் லைப்ரரியம்மா பேப்பரைத் தைத்துக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை. தைத்த பேப்பர்கள் சாயங்காலம் வரை மேசையில் அப்படியே கிடந்தன.

அந்த வாரமே பண்ணை வந்தார். கோபமாக வரவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"இங்க பாருங்கம்மா, நான் லைப்ரரிய மூடுங்கன்னு சொல்லல. நடுவுல ஒரு மூங்கில் தட்டி வச்சுடுவோம். செலவு என்னது. நாங்க வாசல் வழியா வரோம், அவங்க கொல்லை வழியா வரட்டும். யாருக்கும் வம்பில்ல."

"தட்டி வச்சா பேப்பர எங்கங்க போடுறது?"

"ரெண்டு செட்டா வாங்கிக்கிறது."

"ரெண்டு செட் வாங்கினா ரெண்டு சேதியாயிடுங்க."

பண்ணை துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப பங்குனி பொறக்கறதுக்குள்ள கட்டடத்த காலி பண்ணிக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

இலவசக் கட்டடம் இல்லாவிட்டால் கிளையை எடுத்துவிடுவார்கள். அது எங்களுக்கெல்லாம் தெரியும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருந்தது. மாவட்ட நூலக அலுவலர் பதவி காலியாகப் போகிறது என்று பேச்சு. சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு ஆரம்பித்தவருக்கு அதுதான் மேல்படி. நூலகக் குழுவின் தலைவர் ஜீப்பில் வந்திறங்கி என் கடையிலேயே உட்கார்ந்துகொண்டு அவரை வரச் சொன்னார். ஆளுங்கட்சிக்காரர், பண்ணைக்கும் வேண்டியவர்.

"பட்டியல்ல உங்க பேருதாம்மா முதல்ல இருக்கு. கிளைய மூடிட்டு வந்தவங்கன்னு ஒரு பேச்சு வந்துதுன்னா நான் என்ன பண்றது? ஒரு தட்டிதானே. நாளைக்கு நீங்க ஆபீசரா வந்து எடுத்துக்குங்க."

"வச்சவங்க எடுத்து நான் பாத்ததில்லைங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு. தலைவர் நான் வாங்கி வைத்த சோடாவைக் குடிக்காமலே போனார்.

தெற்குத் தெருவில் இது தெரிந்து ஒரே ஆரவாரம். வீரையன் ஏழெட்டுப் பேரோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எங்க தெரு சமுதாயக் கூடம் சும்மாத்தாம்மா கெடக்கு. சுண்ணாம்பு அடிச்சுத் தரோம். நாளைக்கே வாங்க, தூக்கிட்டுப் போயிடலாம்."

எனக்கு மூச்சு வந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். அவர் ஊசியில் சணலைக் கோத்துக்கொண்டிருந்தார்.

"அங்க வந்தா வடக்குத் தெரு வருமா வீரையன்?"

"வராட்டி போறானுவ."

"அப்ப வேணாங்க."

வீரையன் சிரிப்பு போய்விட்டது. "எங்களுக்காகத்தான் நீங்க பண்ணைய எதுத்தீங்கன்னு தெருவே நெனச்சுக்கிட்டிருக்கு. எங்க எடம் ஒங்களுக்கு ஆவலையா?"

"உங்க எடம் எனக்கு ஆவும். உங்க எடமா மட்டும் இருக்கறதுதான் ஆவாது."

கூட வந்தவர்களில் ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான். வீரையன் அவனை அடக்கவில்லை. அன்றோடு அந்த அம்மாவுக்கு ஊரில் ஆதரவென்று ஒருவரும் இல்லை. வடக்குத் தெரு அவரைச் செங்கொடிக்காரி என்றது. தெற்குத் தெரு அவரைப் பண்ணையின் ஆள் என்றது. நான் என் பங்குக்கு, ஒருநாள் கடையை மூடிவிட்டுப் போய்க் கேட்டேன்.

"உங்களுக்கு ஊர் மேல அக்கறையா, இல்ல உங்க பிடிவாதத்து மேல அக்கறையா?"

"ரெண்டும் ஒண்ணா இருந்தாத் தேவல. எனக்கே சரியாத் தெரியலங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. அதுவரை அவரை அப்படி நான் பார்த்ததில்லை. எனக்கும் என்னவோ போலாகிவிட்டது, திரும்பி வந்துவிட்டேன்.

மாசி முடிய இரண்டு நாள் இருக்கும்போது அவரே ஒரு இடம் கண்டுபிடித்தார். ஊருக்கு வெளியே வாய்க்கால் தலைப்பில் பொதுப்பணித் துறை மதகு இருக்கிறது. மதகுப் பலகையை ஏற்றி இறக்குகிற ஆளை லஸ்கர் என்போம். அவருக்கு ஒரு ஓட்டுக் கொட்டகை உண்டு. லஸ்கர் வீட்டுக்குப் போய்விடுவதால் அது பகலெல்லாம் சும்மா இருக்கும். ஓவர்சியர் வீட்டம்மா தொடர்கதை வாசகி. அந்த வழியில் வாய்மொழி அனுமதி கிடைத்தது. இரண்டு தெருவுக்கும் தண்ணீர் அந்த மதகைத் தாண்டித்தான் போக வேண்டும். யாரும் அதை அடுத்தவன் இடம் என்று சொல்ல முடியாது.

சாமான் தூக்க ஒரு ஆள் வரவில்லை. நான் என் உர வண்டியை அனுப்பினேன். அன்பினால் இல்லை, அவர் அலமாரிகளைத் தனியாக நகர்த்துவதைக் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கச் சகிக்கவில்லை. பங்குனி முதல் தேதி கொட்டகையில் நூலகம் திறந்தது. அந்த மாதமே அலுவலர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. லைப்ரரியம்மாவிடமே வேலை பழகிய பையனாம்.

கோடையெல்லாம் கொட்டகை ஈ ஓட்டியது. அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் தாமதம். வந்ததும் பாதி. குறுவை நட்டாயிற்று, பயிர் நிற்கிறது, வாய்க்காலில் முழங்கால் அளவுகூட இல்லை. மதகை எந்தப் பக்கம் திறப்பது என்று ஒரு காலை நேரத்தில் இரண்டு தெருவும் கரையில் கூடிவிட்டது. கையில் மண்வெட்டி. லஸ்கர் மதகுச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு நூலகத்துக்குள் ஓடி வந்து புத்தக அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டார். நான் வசூலுக்குப் போனவன் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

அந்த நேரம் பேருந்து பாலத்தில் நின்று பேப்பர் கட்டை வீசிவிட்டுப் போனது. அணையிலிருந்து கூடுதலாகத் திறக்கப்போகிறார்கள் என்று முதல் நாளே வதந்தி இருந்தது. பேப்பரில் இருக்கும் என்று இரண்டு கூட்டமும் கொட்டகைக்குள் நுழைந்தது. பண்ணை முன்னால், வீரையன் முன்னால். லைப்ரரியம்மா கட்டைப் பிரித்து, இழுப்பறையைத் திறந்து, ஊசியை எடுத்தார்.

"தைக்காம குடும்மா, மனுஷன் உசுரு போவுது" என்று ஒருவர் கத்தினார். வடக்கா தெற்கா என்று தெரியவில்லை.

"குடுத்தா ஆளுக்கொரு தாளாப் புடுங்குவீங்க. எந்தத் தாள்ல சேதி இருக்குன்னு அப்புறம் அதுக்கொரு சண்டை. இருங்க."

தைத்தார். எப்போதும் தைக்கிற வேகத்தில்தான் தைத்தார். மண்வெட்டிகளெல்லாம் அந்தச் சின்னக் கொட்டகைக்குள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஊசி ஒருமுறை விரலில் ஏறியது. முடிச்சுப் போட்டு, பேப்பரைப் பண்ணைக்கும் வீரையனுக்கும் நடுவில் வைத்தார். பண்ணை கண்ணாடி கொண்டுவரவில்லை. தாளைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு வீரையன் பக்கம் நகர்த்தினார்.

"நீ படி."

வீரையன் விரலை வைத்துப் படித்தார். அவர் வேகம் எல்லோருக்கும் தெரியும். உள்ளேயும் வாசலிலுமாக நூறு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். "கூடு...தல் நீர் திறப்...பது குறித்து..." நின்றார்.

"அடுத்த வரி படிப்பா" என்றார் பண்ணை.

அடுத்த வரியில், பரிசீலனையில் உள்ளது என்று இருந்தது. அவ்வளவுதான் சேதி. ஒன்றுமில்லை. ஆனால் அதைப் படித்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. கூட்டத்துக்கு ஆவேசம் அறுந்துபோய், ஒவ்வொருவராக வெளியே போனார்கள். இரண்டு நாள் கழித்துக் கடைமடையில் சண்டை நடந்து இரண்டு மண்டை உடைந்ததையும் சொல்ல வேண்டும். கொட்டகையில் நடக்கவில்லை. அவ்வளவுதான் நான் சொல்ல முடியும்.

பதவியில் அவரைத் தாண்டிப் போனவர்கள் எல்லோரும் மாறுதலாகிப் போன பிறகு, ஆட்சியும் மாறிய பிறகு, ஓய்வுக்குக் கொஞ்ச காலமே இருக்கும்போது அவரை மாவட்ட நூலக அலுவலராகத் தஞ்சாவூரில் உட்கார வைத்தார்கள். கொட்டகைக்கு வேறொரு நூலகர் வந்தார். அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊரில் அதிசயம் ஒன்று நடந்தது. எதிலும் ஒத்துப்போகாத இரண்டு தெருவும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது. வடக்குத் தெருவுக்கு ஒரு நூலகம், தெற்குத் தெருவுக்கு ஒரு நூலகம். பண்ணையும் வீரையனும் சேர்ந்து மனு எழுதினார்கள். நான் எடுத்துக்கொண்டு போனேன். அரசாங்கம் புதுக் கிளைகள் திறக்கச் சொல்லி நெருக்கிக்கொண்டிருந்த நேரம். ஒரு கையெழுத்தில் அவர் கணக்கில் ஒரு கிளை கூடும், ஊரிலும் அமைதி. மறுக்கவே முடியாது என்று நினைத்துத்தான் போனேன்.

அவருக்குத் தலை நன்றாக நரைத்திருந்தது. மனுவை நிதானமாகப் படித்தார்.

"எங்க உக்காந்து எழுதினாங்க?"

"கொட்டகையிலதாங்க."

"தனித்தனியா வந்து கையெழுத்துப் போட்டாங்களா?"

"இல்லைங்க, சேந்துதான். ஒரு பேனாதான் இருந்துச்சு. காலையில உக்காந்தவங்க, மத்தியானம் வரைக்கும் எழுதினாங்க."

"சண்டை?"

"வாசகத்துல கொஞ்சம் வந்துச்சு. அப்புறம் பண்ணை சொல்லச் சொல்ல வீரையன் எழுதினாரு."

அவர் மனுவின் மேல் 'தேவை எழவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அலுவலகம் என்றுகூடப் பார்க்கவில்லை. "நாளைக்கு அங்க ரத்தம் சிந்துனா யாரு பொறுப்பு?"

"நான்தாங்க. வேற யாரு?" என்றார். "கெளம்புங்க, பஸ் போயிடும்."

மறுநாள் கொட்டகைக்குப் போய்ச் சொன்னேன். பண்ணைக்கு முகம் கறுத்துவிட்டது. அகம்பாவம் பிடிச்ச பொம்பள என்றார். வீரையன், அன்னிக்கே எங்க கூடத்த வேணாம்னவங்கதானே என்றார். பண்ணை அதைக் கேட்டு, அப்படியா, ஒங்களையுமா வேணாம்னாங்க என்று பெஞ்சில் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். ஒருவர் விட்டதை ஒருவர் எடுத்து எடுத்து, தட்டிக் கதையிலிருந்து சமுதாயக் கூடம் வரை ஒன்று விடாமல் சொல்லி, லஸ்கர் வந்து பூட்ட வேண்டும் என்று சாவியை ஆட்டும்வரை இரண்டு பேரும் சேர்ந்து அந்த அம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.